தட்டணுக் குறைவு: டெங்கு சொல்லித் தந்ததும் தராததும்

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையோர லேப்களில் ஒரே கேள்விதான் காதில் விழும்: “கவுன்ட் எவ்வளவு இருக்கு?” ஏரிகளும் வயல்களுமாக இருந்து வீட்டுமனைகளாகிவிட்ட பகுதி இது. ஊரப்பாக்கம், நந்திவரம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என எங்கே பார்த்தாலும் காலி மனைகளில் தண்ணீர் நிற்கிறது, கூடவே கொசு. டெங்கு இங்கே பல குடும்பங்கள் நேரில் பார்த்த நோய். அதனால் பிளேட்லெட், அதாவது தட்டணு, என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும், லட்சத்துக்குக் கீழே போனால் கவலை, இருபதாயிரத்துக்கு வந்தால் ஏற்ற வேண்டும், பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் ஏறும். தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இந்த நான்கு வாக்கியங்கள் கிடைக்கும்.

இதே தெருவில் காய்ச்சலே இல்லாத ஒரு பெண்ணுக்குக் கணுக்காலில் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் வருகின்றன. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறது. மாதவிலக்கு பத்து நாள் ஆகியும் நிற்கவில்லை. பரிசோதித்தால் தட்டணு 12,000. கொசு காரணமில்லை. அவருடைய நோயெதிர்ப்பு மண்டலமே அவருடைய தட்டணுக்களை அழித்துக்கொண்டிருக்கிறது. மருத்துவர்கள் இதை ஐ.டி.பி. என்பார்கள்; தமிழில் நோயெதிர்ப்புவழித் தட்டணுக் குறைவு எனலாம். வீட்டார் நம்பத் தகுந்த தகவலைத் தேடிக் கிளம்பும்போது அவர்கள் கையில் இருப்பது டெங்கு சொல்லித் தந்த அந்த நான்கு வாக்கியங்கள்தான். இந்த நோயைப் பொறுத்தவரை அவை நான்குமே வழிதவற வைப்பவை. ஐ.டி.பி. பற்றிய தகவல் தேடலில் முதல் தடை தகவல் பஞ்சம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, வேறொரு நோயிலிருந்து கற்றுவந்த உறுதியான பாடம்தான் முதல் தடை.

முதலில் நோயைப் பார்ப்போம். 1950-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், தட்டணுக் குறைவால் அவதிப்பட்ட ஒரு பெண்ணின் ரத்தத்தைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணு அதலபாதாளத்துக்கு விழுந்தது. வலிப்பும் வந்தது. சுமார் ஒரு வாரத்தில் மீண்டார். நோயாளியின் ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்று, நல்ல தட்டணுக்களையும் அழிக்கிறது என்பது அதில் தெளிவானது. அந்த ஏதோ ஒன்று எதிர்ப்புப் புரதம் என்பது பின்னால் உறுதிப்பட்டது. எதிர்ப்புப் புரதம் ஒட்டிய தட்டணுவை மண்ணீரல் பிடித்து விழுங்கிவிடுகிறது. எலும்பு மஜ்ஜையும் இழப்பை ஈடுகட்டும் அளவுக்குப் புதிய தட்டணுக்களை உண்டாக்குவதில்லை என்பது அதற்கும் பிறகு விளங்கியது.

“இருபதாயிரம் என்றால் ஏற்ற வேண்டும்” என்ற வாக்கியம் இங்கே உடைகிறது. வெளியிலிருந்து ஏற்றும் தட்டணுவுக்கும் ஹாரிங்டனுடைய தட்டணுவுக்கு நேர்ந்த கதிதான். ஏற்றிய வேகத்தில் அழிந்துபோகும். அதனால் உயிருக்கு ஆபத்தான ரத்தக்கசிவின்போதோ அவசர அறுவை சிகிச்சையின்போதோதான் ஐ.டி.பி.யில் தட்டணு ஏற்றுவார்கள், அதுவும் மற்ற மருந்துகளோடு சேர்த்து. வாட்ஸ்அப் குழுக்களில் “அவசரம், பிளேட்லெட் டோனர் தேவை” என்று செய்தி போட்டு, நண்பர்களைத் திரட்டி, எண் ஏறியதா என்று ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தை யாராவது உட்கார வைத்து இதைச் சொல்ல வேண்டும். சொல்லப்போனால் டெங்குவுக்கே அந்தப் பாடம் சரியில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 டெங்கு நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2017-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ரத்தக்கசிவு இல்லாதபோது முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றியதால் கசிவு குறையவில்லை என்பதே அதன் முடிவு.

இன்னொரு வேறுபாடும் உண்டு. டெங்குவில் எண் சில நாளில் விழுந்து சில நாளில் தானாக எழும். ஐ.டி.பி. பெரியவர்களிடம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நிற்கக்கூடும். 30,000-த்திலேயே வேலைக்குப் போய், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மருந்தே இல்லாமல் நலமாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். 2019-ல் அமெரிக்க ரத்தவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், 30,000-மோ அதற்கு மேலோ இருந்து, ரத்தக்கசிவு இல்லாமலோ சிறு தோல் புள்ளிகளோடு மட்டுமோ இருக்கும் பெரியவர்களுக்கு ஸ்டீராய்டு வேண்டாம், கண்காணித்தால் போதும் என்கிறது. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் தெளிவு: கசிவு இல்லையென்றால், அல்லது லேசாக மட்டும் இருந்தால், எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் காத்திருப்பதே முதல் வழி. ஒரு வைரஸ் காய்ச்சல் போன பின் வரும் குழந்தைப் பருவ ஐ.டி.பி., பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடுகிறது. மருந்து எழுதாமல் அனுப்பும் டாக்டரை “ஒண்ணுமே பண்ணல” என்று விட்டுவிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓடும் பெற்றோருக்கு, அந்த டாக்டர் செய்ததுதான் சரி என்று சொல்ல ஆள் இல்லை.

பார்க்க வேண்டியது எண்ணை விடக் கசிவை. வாய்க்குள் ரத்தக் கொப்புளம், நிற்காத மூக்கு ரத்தம், சிறுநீரில் ரத்தம், கறுத்த மலம், திடீரென்று வரும் கடும் தலைவலி, வாந்தி, மயக்கம். இவற்றில் எது வந்தாலும் எண் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. தோல் புள்ளியை வேர்க்குருவிலிருந்தும் கொசுக்கடியிலிருந்தும் பிரித்தறிய ஒரு கண்ணாடி டம்ளர் போதும். அதைத் தோலில் அழுத்தி அதன் வழியாகப் பார்த்தால் சாதாரணச் சிவப்பு மறையும். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் மறையாது.

நோயாளி கைக்கு முதலில் வரும் தகவல் லேப் ரிப்போர்ட்தான். அதைப் படிக்கத் தெரிவதில்தான் எல்லாம் தொடங்குகிறது. ஒரு லேப் 0.12 லட்சம் என்று அச்சிடும், இன்னொன்று 12,000 என்று போடும், மூன்றாவது ஆயிரங்களில் கணக்கிட்டு வெறும் 12 என்று போடும். மூன்றும் ஒன்றே. வெளிநாட்டு மருத்துவக் கட்டுரைகளில் 30 என்று வருவது நம் ரிப்போர்ட்டின் 30,000. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இந்த அலகு மாற்றம் ஒன்றே ஒரு குடும்பத்தை இரவெல்லாம் தூங்கவிடாமல் செய்யும்.

அதைவிட முக்கியமான ஒன்று: அந்த எண்ணே பொய்யாக இருக்கலாம். ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கிறது. சிலருடைய தட்டணுக்கள் அந்த உப்பு பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். எண்ணும் இயந்திரம் ஒரு கொத்தைத் தட்டணுவாகவே கணக்கில் எடுக்காது. அந்த ஆளுடைய உடலில் இரண்டு லட்சம் இருக்கும். காகிதத்தில் நாற்பதாயிரம் வரும். தீர்வு பழைய காலத்தது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் இழுத்துப் பரப்பி, லீஷ்மன் சாயமிட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பது. அனுபவமுள்ள டெக்னீஷியன் முதலில் பார்ப்பது அந்தப் பூச்சின், அதாவது ஸ்மியரின், ஓரத்தை. கொத்துகள் அங்கேதான் ஒதுங்கும். ஓரம் சுத்தமாக இருந்தால், ஒரு பார்வைப் புலத்தில் எத்தனை தட்டணு தெரிகிறது என்று எண்ணி, ஒன்றுக்கு ஏறத்தாழ 15,000 என்று பெருக்கி, இயந்திர எண்ணோடு ஒப்பிடுவார். சந்தேகம் தீரவில்லையென்றால் சிட்ரேட் குழாயில் மறுபடியும் ரத்தம் எடுப்பார்கள். இதற்கு ஆகும் செலவு சொற்பம். காய்ச்சலோ கசிவோ இல்லாத ஒருவருக்கு எண் குறைவாக வந்தால் “ஸ்மியர் பார்த்தீங்களா?” என்று கேட்பது போல பயனுள்ள கேள்வி வேறில்லை.

ஐ.டி.பி.யை உறுதிசெய்ய என்று தனியாக ஒரு பரிசோதனை இன்றுவரை கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி, மிஞ்சுவதுதான் ஐ.டி.பி. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி, லூபஸ், கல்லீரல் நோயால் பெருத்த மண்ணீரல், வைட்டமின் பி12 குறைவு, சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வலிப்புக்கான வால்ப்ரோயேட், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், கோ-டிரைமாக்ஸசோல் போன்றவை தட்டணுவைக் குறைக்கக்கூடியவை. இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் கிருமியை ஒழித்தால் சிலருக்குத் தட்டணு ஏறுகிறது. குறிப்பாக ஜப்பானில் இந்தப் பலன் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே “ஒரே டெஸ்டில் கண்டுபிடித்துவிடலாம்” என்று யாராவது சொன்னால், அந்தத் தகவலை அங்கேயே நிறுத்திவிடலாம்.

பெயர்க் குழப்பமும் ஆபத்தானது. ஐ.டி.பி. என்று தேடப்போய் டி.டி.பி. பற்றிப் படித்துவிட்டு வருபவர்கள் உண்டு. இரண்டிலும் தட்டணு குறையும். மற்றபடி அவை வேறு வேறு நோய்கள். டி.டி.பி.யில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் எங்கும் உறைகட்டி அடைபடும். உடனடியாகப் பிளாஸ்மா மாற்றாவிட்டால் உயிர் போகும். காத்திருக்கலாம் என்ற அறிவுரை ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு மரணம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதும் அதே ரத்தப் பூச்சுதான், டி.டி.பி.யில் உடைந்த சிவப்பணுத் துண்டுகள் தெரியும்.

தகவலுக்கு வயது உண்டு. 1916-ல் பிராக் நகரத்து மாணவர் பால் காஸ்னெல்சன் சொன்ன யோசனையின்படி ஒரு பெண்ணுக்கு மண்ணீரலை அகற்றினார்கள், தட்டணு ஏறியது. அதன்பின் பல பத்தாண்டுகள் மண்ணீரல் அறுவையே பிரதான வழியாக இருந்தது. 1950-களில் ஸ்டீராய்டு வந்தது. 1981-ல் சுவிட்சர்லாந்தின் பால் இம்பாக், பலரிடம் தானம் பெற்ற பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் இம்யூனோகுளோபுலினைக் குழந்தைகளுக்கு ஏற்றிக் கிடைத்த பலனை வெளியிட்டார். 2008-ல் எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் ரோமிப்லோஸ்டிமும் எல்ட்ரோம்போபேக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2009-ல் பன்னாட்டு நிபுணர் குழு நோயின் வரையறையையே மாற்றியது: லட்சத்துக்குக் கீழ் இருந்தால்தான் ஐ.டி.பி., மூன்று மாதம் வரை புதியது, ஓராண்டு வரை தொடர்வது, அதைத் தாண்டினால் நாட்பட்டது. 2025-ல் ரில்சாபுருட்டினிப் என்ற மருந்து அனுமதி பெற்றது. ஆகவே ஒரு கட்டுரையோ காணொளியோ மண்ணீரலை எடுப்பதுதான் அடுத்த படி என்று சொன்னால், அது எந்த ஆண்டுப் பேச்சு என்று முதலில் பார்க்க வேண்டும். 2019 வழிகாட்டுதல், தானாகக் குணமாகும் வாய்ப்பு இருப்பதால் குறைந்தது ஓராண்டு பொறுத்துத்தான் மண்ணீரல் அறுவையை யோசிக்கச் சொல்கிறது.

அந்த வழிகாட்டுதலில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நேர்மை. பரிந்துரைகளின் பக்கத்திலேயே, இதற்கான ஆதாரத்தின் உறுதி குறைவு, மிகக் குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். பயந்துபோய்ப் படிப்பவருக்கு அது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் எனக்கு இந்த மருந்து யாரிடம் சோதிக்கப்பட்டது, எத்தனை பேர், எவ்வளவு காலம், என்ன கெடுதல் நடந்தது என்று சொல்லும் தகவலே நம்பத் தக்கது. 2021-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட பிரிட்டிஷ் ஆய்வு நல்ல உதாரணம். 120 புதிய நோயாளிகள். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 44 சதவீதம் பேருக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. தொடக்கத்திலேயே மைக்கோபினோலேட் என்ற மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் 22 சதவீதம் பேருக்குத்தான் பலிக்கவில்லை. செய்தியாக வந்தால் இதோடு முடிந்துவிடும். ஆனால் இரண்டு மருந்தும் சாப்பிட்டவர்களின் உடல் சோர்வும் அன்றாட வாழ்வும் சற்று மோசமாக இருந்ததையும் அதே ஆய்வு சொல்கிறது. கருத்தரிக்க நினைக்கும் பெண்களுக்கு மைக்கோபினோலேட் ஆகவே ஆகாது. இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்பவரே நமக்குத் தகவல் சொல்கிறார்.

பப்பாளி இலைக்கு வருவோம். 2012-ல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரோடு பப்பாளி இலைச் சாற்றையும் தமிழக அரசே மக்களுக்குப் பரிந்துரைத்தது. மலேசியாவில் 228 டெங்கு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியாகி, இலைச் சாறு குடித்தவர்களுக்குத் தட்டணு விரைவாக ஏறியதாகச் சொன்னது. எந்தப் பிரிவினருக்கு எது கொடுக்கிறோம் என்பதை மறைக்காமல் நடந்த சிறிய ஆய்வு அது. தானாகவே ஏறக்கூடிய நோயில் நடந்தது. தன் உடலே தட்டணுவை அழிக்கும் நோய்க்கு அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. மருந்துக்கடையில் பப்பாளி இலை மாத்திரையாகவே கிடைப்பதால் ஐ.டி.பி. நோயாளிகளும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அதை நம்பி, தரப்பட்ட மருந்தை நிறுத்துவதுதான் எனக்குக் கவலை.

சித்த மருத்துவத்தை நாட விரும்புபவர்களை நான் தடுக்க மாட்டேன். தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ரிப்போர்ட்டுகளோடு அங்கே போகலாம். இரு தரப்பு மருத்துவரிடமும் என்னென்ன சாப்பிடுகிறோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் சீட்டில்லாத, பெயரில்லாத பொடிகளைத் தொடவே கூடாது. இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்தியாவில் பலமுறை பதிவாகியிருக்கிறது. ஐ.டி.பி.யில் ஸ்டீராய்டு கொடுத்தால் எண் ஏறத்தான் செய்யும்! பொடி வேலை செய்கிறது என்று குடும்பம் நம்பும். அளவு தெரியாமல், சர்க்கரை ஏறுவது தெரியாமல், திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பது தெரியாமல் மாதங்கள் ஓடும். “நூறு சதவீதம் குணம்” என்பவரிடம் ஒன்று கேட்கலாம்: உங்கள் சோதனை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எந்த எண்ணில் இருக்கிறது? 2007-ல் தொடங்கிய அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். சித்த, ஆயுர்வேத ஆய்வுகளும் அதில் பதிவாகின்றன.

வெளிநாட்டுத் தகவல் நம்பகமானது என்பதாலேயே நமக்கு முழுமையானதாகிவிடாது. ஸ்டீராய்டையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு. உள்ளே உறங்கும் காசநோய்க் கிருமி பலருக்கும் உண்டு. நீண்ட நாள் ஸ்டீராய்டு அதை எழுப்பிவிடும். அமெரிக்க நோயாளிக்கு எழுதிய கையேட்டில் காசநோய் ஒரு வரியில் போய்விடும். நமக்கு அது முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த நோய்க்குப் போடும் ரிட்டுக்ஸிமாப் ஊசிக்கு முன் ஹெபடைடிஸ் பி பார்க்காமல் இருக்கக் கூடாது. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நம்பும் நம் பழக்கத்துக்கும் ஒரு எச்சரிக்கை தேவை: தட்டணு மிகக் குறைவாக இருப்பவருக்கு இடுப்பில் போடும் ஊசி தசைக்குள் ரத்தம் கட்ட வைக்கும். உடம்புவலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் கூடாது, பாராசிட்டமால் பரவாயில்லை.

எல்ட்ரோம்போபேக் மாத்திரையோ நம் அடுப்படியோடு நேரடியாக மோதுகிறது. கால்சியம், இரும்பு போன்ற தாதுக்களோடு வயிற்றில் சேர்ந்தால் அந்த மாத்திரை அவற்றோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சேராமலேயே போய்விடும். மருந்தில் பாதிக்கு மேல் வீணாகலாம். அதனால் பால் பொருட்களுக்கும் அமிலத் தணிப்பு மருந்துகளுக்கும் சத்து மாத்திரைகளுக்கும் இரண்டு மணி நேரம் முன்போ நான்கு மணி நேரம் பின்போதான் அதைச் சாப்பிட வேண்டும். தயிர், பாலாடைக் கட்டி என்று வெளிநாட்டுக் கையேடு எச்சரிக்கும். காலை ஆறு மணி பில்டர் காபியையும் ஒன்பது மணி கேழ்வரகுக் கூழையும் மோர்சாதத்தையும் முருங்கைக்கீரையையும் அது அறியாது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு எலும்பு தேயாமலிருக்கக் கால்சியம் மாத்திரையும் எழுதுவார்கள். வேலையை மிச்சப்படுத்த இரண்டையும் ஒரே வாயில் போட்டு விழுங்குபவர்கள் உண்டு. பின்பு, விலை கொடுத்து வாங்கிய மருந்து பலிக்கவில்லை என்ற முடிவுக்கு வருகிறார்கள். இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு, படுக்கும் முன் பால் கிடையாது, நள்ளிரவை ஒட்டி மாத்திரை என்பது போல ஒரு நேர ஒழுங்கை டாக்டரோடு உட்கார்ந்து போட்டுக்கொள்வதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்க நோயாளிக்கு உரிமை இருக்கிறது.

விலை என்றதும் இம்யூனோகுளோபுலினைச் சொல்லாமல் இருக்க முடியாது. எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் என்றால் 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராம். ஐந்து கிராம் பாட்டில்களாக 12. பலன் சில வாரமே நிற்கும். அவசரத்தில் உயிர் காப்பது அது. அவசரமில்லாதபோது எண்ணை அழகாக்க அதைத் திரும்பத் திரும்ப ஏற்றுவது குடும்பத்தைக் கடனில் தள்ளும். 2021-ல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின் உதவிப் பட்டியலில் ஐ.டி.பி. இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. வீட்டிலிருந்து மாதக்கணக்கில் சாப்பிடும் மாத்திரைக்கு வழி, அரசு மருத்துவமனையைத் தேடிப் போவதுதான். இந்த நிலையில், மேல்நாட்டில் பின்னுக்குப் போய்விட்ட மண்ணீரல் அறுவை நம் ஊரில் இன்னும் அர்த்தமுள்ள வழியாகவே இருக்கிறது. அறுவை செய்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. ஆனால் நியூமோகாக்கஸ் போன்றவற்றுக்கு எதிரான தடுப்பூசிகளை முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும். அதன்பின் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு காய்ச்சலையும் அவசரமாகக் கருத வேண்டும்.

மலிவான இன்னொரு மருந்துக்கு இந்த மண்ணோடு உறவு இருக்கிறது. கூடுவாஞ்சேரிக்குத் தெற்கே செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் இருந்தது. 1955 முதல் அது மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1940-களில் அங்கே பணியாற்றிய ராபர்ட் காக்ரேன், டாப்சோனைத் தொழுநோய்க்குப் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவர். அதே டாப்சோன் பின்னால் ஐ.டி.பி.க்கும் பயன்பட்டது. நாட்பட்ட ஐ.டி.பி. உள்ள 90 பேருக்கு, குழந்தைகள் உட்பட, அதைக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2005-ல் ஐரோப்பிய ரத்தவியல் இதழில் எழுதினார்கள். ஜி6பி.டி. குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பார்க்காமல் கொடுத்தால், குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடையும். பணக்கார நாடுகளின் வழிகாட்டுதல்களில் ஒரு மூலையில் கிடக்கும் இந்த மருந்து, புதிய மருந்து வாங்க வசதியில்லாதவருக்குக் கேட்டுப் பார்க்கத் தக்க ஒரு வழி. நம்மைப் போன்றவர்களிடம், நமக்கு அருகிலேயே சோதிக்கப்பட்டதால் இந்தத் தகவலுக்கு என் மனதில் தனி மதிப்பு உண்டு.

யாரிடம் கேட்பது? மேலைநாட்டுக் கணக்குப்படி பெரியவர்களில் ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் மூன்று பேருக்கு இந்த நோய் புதிதாக வருகிறது. ஒரு குடும்ப டாக்டர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இதைப் பார்ப்பார். அவர் தடுமாறுவதில் குற்றமில்லை, ரத்தவியல் நிபுணரிடம் அனுப்பாமல் இருப்பதில்தான் குற்றம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியும் காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். மருத்துவமனையும் அருகில். பிள்ளைகளுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. பெரியவர்களுக்கு மின்சார ரயிலில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் ராஜீவ்காந்தி அரசுப் பொது மருத்துவமனை; ரத்தவியல் துறை அங்கே இருக்கிறது. எந்தத் துறைக்குப் போவது என்றே தெரியாவிட்டால் 104-ல் கேட்கலாம். மருந்தால் கெடுதல் நேர்ந்தால் நோயாளியே தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது.

நோயாளிகளுடைய அனுபவத்தையும் நான் தகவலாகவே எடுத்துக்கொள்கிறேன். தீராத சோர்வு இந்த நோயின் ஒரு பகுதி என்பதை மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள வைத்ததில் அமெரிக்க, பிரிட்டிஷ் நோயாளர் சங்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. “சும்மா படுத்துக் கிடக்கறா” என்று மாமியார் வீட்டில் பேச்சு வாங்கும் பெண்ணுக்கு, சோர்வு நோயின் அறிகுறி என்ற ஒரு வரி எவ்வளவு பெரிய ஆறுதல்! மாதவிலக்கு மிகையை வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். டிரானெக்ஸமிக் அமிலம் போன்ற எளிய மருந்து அதற்கு இருக்கிறது என்பதைச் சொல்ல ஆளில்லை. கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் தட்டணு லேசாகக் குறைவது சாதாரணம், குழந்தை பிறந்ததும் சரியாகிவிடும், அதை ஐ.டி.பி. என்று நினைத்துக் கலங்குபவர்களும் உண்டு. ஐ.டி.பி.யே இருந்தாலும் பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் ஒருவருக்குப் பலித்த மருந்து இன்னொருவருக்குப் பலிக்கும் என்பதற்கு அனுபவக் கதை சாட்சி ஆகாது. இந்த நோயில் எண் தானாகவும் ஏறும், தானாகவும் இறங்கும். ஏறிய வாரத்தில் எதைச் சாப்பிட்டோமோ அதற்குப் பெயர் போய்ச் சேரும்.

சென்னையிலும் வேலூரிலும் செங்கல்பட்டிலும் ஐ.டி.பி. நோயாளிகளின் பல ஆண்டுக் கேஸ் ஷீட்டுகள் அலமாரிகளில் இருக்கின்றன. நம் மக்களில் எத்தனை பேருக்கு மருந்தில்லாமல் சரியானது, ஸ்டீராய்டில் எத்தனை பேருக்குச் சர்க்கரை வந்தது, காசநோய் கிளம்பியது, டாப்சோன் எத்தனை ஆண்டு தாங்கியது என்பதற்கான விடை அவற்றில்தான் இருக்கிறது. மாநில அளவில் ஒரு பதிவேடு தொடங்கி அதைத் தொகுத்து வெளியிட வேண்டும். அதுவரை காத்திருக்காமல், ஒவ்வொரு ரத்தவியல் புறநோயாளர் பிரிவும் இரண்டு பக்கத் தமிழ்த் தாள் ஒன்றை நோயாளி கையில் கொடுக்கலாம். எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும், எந்த வலி மாத்திரை கூடாது, எல்ட்ரோம்போபேக்கை எப்போது சாப்பிட வேண்டும், ஸ்டீராய்டை ஏன் தானாக நிறுத்தக் கூடாது, அவசரத்தில் எந்த எண்ணை அழைக்க வேண்டும். தாளின் அடியில் இரண்டு தேதிகள் இருக்கட்டும்: எழுதிய நாள், திருத்தப்போகும் நாள்.